கண்ணைத் திறந்து விடு

“கண்ண மட்டும் கொஞ்சம் தொறந்து விட்ருத்தா” என்றார் அண்ணன்.

காலண்டர் சீசன். பிரஸ்ஸில் மெஷின் ஓடுகிற சத்தத்தில் யாரும் யாரிடமும் ரகசியம் பேச முடியாது. அண்ணன் ரகசியம் பேசத்தான் வந்திருந்தார். என் நாற்காலிக்குப் பின்னால் நின்று, குனிந்து, காதுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுவந்து சொன்னார். மை வாசனையையும் மீறி அவர் சட்டையில் கந்தக நெடி அடித்தது. கம்பெனியில் வேலை முடிந்ததும் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே வந்திருக்கிறார்.

கம்ப்யூட்டர் திரையில் அண்ணன் மகள் கௌசல்யாவும் அவள் கட்டிக்கொள்ளப் போகிற மாப்பிள்ளையும் இருந்தார்கள். பெங்களூரில் ஏதோ பூங்காவில் எடுத்த படம். மாப்பிள்ளை கோட்டும் டையும் போட்டுக்கொண்டு வாய்கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பில் கண் இரண்டும் கோடாகியிருந்தன.

“கண்ணு தொறந்துதாண்ணே இருக்கு” என்றேன்.

அண்ணன் இன்னும் குனிந்து பார்த்தார். “எனக்குத் தெரியலையே.”

கண்களுக்கு ஒரு போல்டர்

போன வாரம் இந்தப் பத்தியில் பழைய அச்சு மெஷினைப் பிரித்து விற்ற கதையைப் பாதியில் விட்டிருந்தேன். அது எங்கேயும் ஓடிவிடாது, இரும்புதானே. அண்ணன் கேட்டது என்னவென்று புரிய வேண்டுமானால் முதலில் என் வேலையைச் சொல்லியாக வேண்டும்.

நான் சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் டச்சிங் ஆபரேட்டர். கல்யாணப் பத்திரிகை, சடங்கு பிளெக்ஸ், கட்சி போஸ்டர், எது வந்தாலும் அதில் இருக்கிற முகம் என் கைபட்டுத்தான் வெளியே போகும். குரூப் போட்டோவில் யாராவது கண்ணை மூடியிருந்தால், அவருடைய வேறொரு படத்திலிருந்து கண்ணை மட்டும் வெட்டியெடுத்து ஒட்டுவோம். தொழிலில் அதற்குப் பெயர்தான் ‘கண்ணைத் திறந்து விடுவது’. அவருக்கு வேறு படமே இல்லை, ஆள் செத்தே போய்விட்டார் என்றால்? அதற்கும் வழி உண்டு. எங்கள் ஊரில் ஆபரேட்டர் ஒவ்வொருவரிடமும் கண்கள் என்றே ஒரு போல்டர் இருக்கும். பெரிய கண், சின்னக் கண், கண்ணாடிக்குப் பொருந்துகிற கண். யார் யார் கண்ணோ யார் யார் முகத்திலோ உட்கார்ந்து ஊருக்குக் கும்பிடு போட்டுக்கொண்டிருக்கும்.

இதெல்லாம் எப்போதாவதுதான். தினப்படி வேலை கலர் ஏற்றுவது. “அக்கா, பொண்ணுக்குக் கொஞ்சம் கலர் ஏத்திருங்க.” இதைச் சொல்லாமல் பத்திரிகை கொடுத்துவிட்டுப் போன குடும்பம் எனக்கு நினைவில்லை. வெயில் போட்டு வறுக்கிற பூமி இது. இங்கே யாருக்கு வரும் வெள்ளைத் தோல்? ஆனால் எங்கள் பத்திரிகைகளைப் பார்த்தால் விருதுநகர் ஜில்லாவே காஷ்மீருக்கு மேலே இருப்பது போல இருக்கும்.

நான் நல்ல கறுப்பு. பள்ளிக்கூடத்தில் ‘அட்டக்கரி’ என்று பட்டப்பெயர். என் கல்யாணத்தில், எனக்கு முன்னால் இந்த வேலை பார்த்த புண்ணியவான் பத்திரிகையில் என்னை ரோஜாப்பூவாக்கிவிட்டார். மண்டபத்தில் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் என்னைத் தாண்டிப் போய் “பொண்ணு எங்க?” என்று தேடினார்கள். நான்தான் பெண் என்று யாரோ சொன்னதும், கையில் பத்திரிகை வைத்திருந்த ஒரு அம்மாள் என்னையும் அதையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு “அப்படியா” என்றாள்.

கன்னத்தில் அறைந்திருந்தால்கூட இத்தனை வருஷத்தில் மறந்திருப்பேன்.

அப்படிப்பட்டவள் ஊரார் பெண்களுக்கெல்லாம் எப்படிக் கலர் ஏற்றுகிறாய் என்று கேட்பீர்கள். வயிறு என்று ஒன்று இருக்கிறதே. கொடுக்கிறவர்கள் கேட்கிறார்கள், செய்து கொடுக்கிறேன்.

மாப்பிள்ளை பேர் அருணாச்சலம்

அண்ணன் முனியசாமி தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். எங்கள் அப்பா அடுத்தவர் காட்டில் களையெடுத்தவர். அண்ணன் மருந்து அறையில் வெந்து, மகளை என்ஜினியர் ஆக்கினார். கௌசல்யா பெங்களூரில் வேலையில் இருக்கிறாள். எங்களுக்கு அவள் கௌசி.

அவள் ஒருநாள் போன் செய்து, கூட வேலை பார்க்கிற ஒருவரைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். அண்ணன் கம்பெனி வாசலில் லோடு ஏற்றுகிற இரைச்சலில் நின்று பேசியிருக்கிறார். ‘ஆரு, என்ன’ என்று கேட்டதற்கு அவள் “அருணாச்சல்ப்பா” என்றிருக்கிறாள். அண்ணனுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. சாதி எதுவானால் என்ன, பெயர் சாமி பெயர். தெருப்பூராவும் ‘மாப்பிள்ளை பேர் அருணாச்சலம்’ என்று சொல்லி, கோயிலில் அந்தப் பெயருக்கு ஒரு அர்ச்சனையும் பண்ணிவிட்டார். நட்சத்திரம் கேட்ட குருக்களிடம், கேட்டுச் சொல்கிறேன் என்றாராம்.

அடுத்த நாள் போனில் படம் வந்தது. “இது ஆரு, கூட வேல பாக்குற சைனாக்காரனா?” என்று மகளிடமே கேட்டார்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் சைனா என்பது ஒரு நாட்டின் பெயர் மட்டும் இல்லை, வசவு. சைனா பட்டாசு திருட்டுத்தனமாக வந்து இறங்கி ஆர்டர் படுத்துப்போன காலத்தில் எத்தனையோ வீட்டில் உலை கொதிக்கவில்லை. சூலக்கரையில் கலெக்டர் ஆபீஸ் முன்னால் தொழிலாளர்கள் கூடினபோது மைக்கைப் பிடித்தவர் அண்ணன்தான். சைனாவை அவர் திட்டின திட்டில் அவருக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. முனியசாமி என்றால் இரண்டு பேருக்குத் தெரியும், ‘சைனா முனியசாமி’ என்றால்தான் ஊருக்குத் தெரியும். அந்த மனுஷனுக்கு இப்படி ஒரு மருமகன். போதாததற்கு மாப்பிள்ளையின் உண்மையான பெயர் கர்மா. எங்கள் பக்கம் அந்தச் சொல்லை யாரும் நல்லதுக்குச் சொல்ல மாட்டோம்.

கௌசி பொறுமையாக விளக்கினாள். அது அருணாச்சலப் பிரதேசம், நம் நாடு, சைனாக்காரன் உள்ளே வரக் கூடாதென்று நம் பட்டாளம் காவல் நிற்கிற மலை. அண்ணன் எல்லாவற்றுக்கும் ‘ம்’ கொட்டினார். போனை வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்:

“நாடு நம்ம நாடுதாந்த்தா. மூஞ்சி நம்ம மூஞ்சி இல்லையே.”

நான் மட்டும் பெரிய இவளா? படத்தைப் பார்த்ததும் எனக்கும் திக்கென்றுதான் இருந்தது. இவருக்கு நம்ம சோறு செமிக்குமா, நம்ம ஆட்களோடு பேசுவாரா, சிரிக்கிறாரா முறைக்கிறாரா என்றெல்லாம் யோசித்தேன். பிறகு கௌசி வீடியோ காலில் பேசும்போதெல்லாம் அவர் குறுக்கே தலையை நீட்டி “அத்தே, சாப்டீங்களா” என்று கேட்பார். தினமும் ஒருவர் நம்மைச் சாப்பிட்டாயா என்று கேட்டால் எத்தனை நாள்தான் அவர் மூஞ்சியை ஆராய்ந்துகொண்டிருப்பது? எனக்கு விட்டுப்போச்சு. அண்ணன் ஒருநாளும் அந்தப் போனுக்கு முன்னால் வந்து உட்காரவில்லை. மாப்பிள்ளையின் மலை ஊரில் நிச்சயதார்த்த விருந்து நடந்தபோதும், சீசன் நேரம் என்று சொல்லிப் போகாமல் இருந்துவிட்டார்.

கௌசி கேட்ட கேள்வி

பிரஸ்ஸுக்கு வருகிறேன். கல்யாணத்தைப் பெங்களூரில் பதிவு பண்ணுவது, வரவேற்பைச் சிவகாசியில் வைப்பது என்று ஏற்பாடு. மண்டப முக்கில் வைக்கிற பிளெக்ஸுக்குத்தான் அண்ணன் கண் கேட்டு வந்திருந்தார்.

“முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கப் பாக்குற. நாளைக்கு ஆளு மேடையில வந்து நிப்பாருல்ல, அப்ப என்ன பண்ணுவ?” என்று கேட்டேன்.

மேடைக்கு வருகிறவர்கள் சொந்தக்காரர்கள், பிளெக்ஸைப் பார்க்கிறவர்கள் ஊர்க்காரர்கள் என்றார். பஸ்ஸில் போகிறவன் வருகிறவனெல்லாம் பார்த்துச் சிரிப்பான், இத்தனை வருஷம் மைக்கில் கத்தினதற்கு வட்டியும் முதலுமாக வாங்குவான் என்றார். ஐந்து நிமிஷ வேலை, கூடப்பிறந்தவளுக்கு மனசில்லை என்றார். மனசில்லைதான் என்றேன். வரவழைத்த டீயைத் தொடாமல் போய்விட்டார்.

கௌசி அன்றைக்கே போன் செய்தாள். கண் விவகாரம் அவளுக்குத் தெரியாது. அப்பாவின் குரலை வைத்தே ஏதோ மோப்பம் பிடித்திருக்கிறாள்.

“அப்பா அவர நெனச்சு வெக்கப்படுறாகளா அத்த?”

நான் மழுப்பினேன். அவள் விடவில்லை. கொரோனா காலத்தில் கர்மா குடியிருந்த வீட்டுக்காரர், நோயைக் கொண்டுவந்தவனே நீதான் என்கிற மாதிரிப் பேசி வீட்டைக் காலி பண்ணச் சொன்னாராம். பலசரக்குக் கடையில் வரிசையில் நின்றவரை முகத்தைப் பார்த்ததும் வெளியே போகச் சொன்னார்களாம். ரோட்டில் போனால் ‘சைனா’ என்று கூப்பிட்டுவிட்டு வண்டியை விரட்டிக்கொண்டு போவார்களாம். அவர் எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே சொல்வார், எனக்குத்தான் ராத்திரி தூக்கம் வராது என்றாள்.

“வெளிய எவனும் என்னமும் சொல்லிட்டுப் போகட்டும் அத்த. எங்க அப்பாவும் அப்படித்தான்னு தெரிஞ்சா நான் தாங்க மாட்டேன். அவர மறைச்சு வைக்கணும்னு நெனச்சாகன்னா, மண்டபமே வேண்டாம். நாங்க பெங்களூர்லயே இருந்துக்கிடுறோம். வரவே மாட்டோம்.”

அதெல்லாம் ஒன்றுமில்லை, நீ வா என்று சொல்லிவிட்டேன். மதினி போய்ச் சேர்ந்த பிறகு அண்ணனுக்கு இருப்பது இந்த ஒரே பிள்ளை. அவளும் வராமல் போனால் அந்த மனுஷன் என்ன ஆவார் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்.

மண்டப முக்கு

வரவேற்புக்கு முந்தின நாள் காலை. கௌசி ஏற்கெனவே வந்துவிட்டாள். கர்மாவும் அவர் தாயும் சொந்தக்காரர்கள் சிலரும் விருதுநகர் ஜங்ஷனில் வந்து இறங்கினார்கள். அண்ணன், கௌசி, நான் மூன்று பேரும் வேன் எடுத்துக்கொண்டு போயிருந்தோம்.

அந்த அம்மா குட்டையாக, உருண்டையாக, சிவந்த கன்னத்தோடு இருந்தார். கழுத்தில் பவழமும் பச்சைக்கல்லும் கோத்த மாலை. தகப்பனில்லாத பிள்ளையை ஒற்றையாளாக வளர்த்தவர். எங்கள் வெயிலில் வேர்த்துக் கொட்டியது, ஆனாலும் கௌசியின் கையைப் பிடித்தவர் வேனில் ஏறியும் விடவில்லை. கர்மா தாயை ‘ஆமா’ என்றுதான் கூப்பிடுவார். அவர்கள் பேச்சில் அம்மாவுக்கு அதுதான் சொல். அண்ணனுக்குத் தெரியாது. மாப்பிள்ளை ‘ஆமா’ என்று கூப்பிட்டபோதெல்லாம், எதற்கோ ஆமாம் சொல்கிறார் என்று நினைத்து முன்சீட்டில் இருந்து தலையாட்டிக்கொண்டே வந்தார்.

மண்டப முக்கு வந்ததும் அண்ணன் டிரைவரை நிறுத்தச் சொன்னார். சம்பந்தியம்மாவைத் திரும்பிப் பார்த்து, பெருமையாகக் கையை நீட்டிக் காட்டினார்.

பிளெக்ஸ் ஆளுயரத்துக்கும் மேலே நின்றது. எனக்கு ஒரு பார்வையிலேயே தெரிந்துவிட்டது. வேறு கடையில் கொடுத்திருக்கிறார். கௌசிக்குப் பக்கத்தில் அகலக் கண்ணோடு ஒருவர் நின்றுகொண்டிருந்தார். கண் பொருந்த வேண்டுமே என்று மூக்கை ஏற்றி, மூக்கு பொருந்த வேண்டுமே என்று கன்னத்தைக் குறைத்திருந்தார்கள். மீசையைக்கூட லேசாகத் தீட்டியிருந்தார்கள். கோட்டும் டையும் கர்மாவுடையவை. முகம் எந்த ஊர்ப் பையனுடையதோ.

அந்த அம்மா வெகுநேரம் பார்த்தார். பிறகு கௌசியிடம் இந்தியில் ஏதோ மெதுவாகக் கேட்டார். கேட்கும்போதே கையை விட்டுவிட்டார்.

“என்ன கேக்காக?” என்றார் அண்ணன் ஆவலாக.

கௌசி அவர் முகத்தையே பார்த்தாள். “எம் பக்கத்துல நிக்கிற பையன் ஆருன்னு கேக்காங்கப்பா.”

இந்தப் பெண்ணுக்கு ஏற்கெனவே வேறு யாரையோ நிச்சயம் பண்ணியிருக்கிறார்கள், அந்தப் பலகை இன்னும் இறங்காமல் நிற்கிறது என்று நினைத்துவிட்டார் அந்தத் தாய். தமிழ் எழுத்து படிக்கத் தெரியாது, பெற்ற மகனை அடையாளம் தெரியவில்லை, வேறென்ன நினைப்பார்? கர்மா குனிந்து சொன்னார், அது நான்தான் என்று. அந்த அம்மா பலகையைப் பார்த்தார், மகனைப் பார்த்தார், மறுபடி பலகையைப் பார்த்தார். புரிந்துவிட்டது.

என் காதில் அந்தப் பழைய ‘அப்படியா’ விழுந்தது.

“வண்டிய ஸ்டேசனுக்கே திருப்புங்கண்ணே” என்றாள் கௌசி டிரைவரிடம். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்திருக்கும்.

டிரைவர் சாவியில் கை வைத்தார். அண்ணன் கதவைத் திறந்துகொண்டு இறங்கி, பின்கதவுக்கு வந்து, அந்த அம்மாவுக்கு நேரே நின்றார். காது கேளாதவர்களிடம் பேசுகிற மாதிரி, ஒவ்வொரு சொல்லாக, தமிழிலேயே சொன்னார்.

“அது ஒங்க மகந்தாம்மா. நாந்தான் கண்ண மாத்தச் சொன்னேன். ஊரு சிரிக்கும்னு பயந்துட்டேன்.” பிறகு மகளைப் பார்த்து, “அவுகளுக்குச் சொல்லுத்தா. ஒண்ணும் விடாமச் சொல்லு” என்றார்.

கௌசி சொன்னாள். ஒன்றும் விடவில்லை.

இது யாரு?

அந்த அம்மா பையிலிருந்து போனை எடுத்தார். எதையோ தேடினார். ஊருக்குப் போன் போடுகிறார் என்று நினைத்தேன். அவர் போனை அண்ணன் பக்கம் திருப்பி நீட்டினார். வெயிலுக்குக் கையைக் குடையாகப் பிடித்துக்கொண்டு அண்ணன் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். மலை ஊரில் நடந்த நிச்சயதார்த்த விருந்து. பின்னால் ஒரு பேனர். அதில் கர்மா, அச்சு அசலாகக் கர்மா. அவருக்குப் பக்கத்தில் பால் போல வெள்ளையாக, கன்னத்தில் ரோஸ் அப்பின ஒரு பெண்.

“இது ஆரு?” என்றார் அண்ணன்.

கேட்ட வாய் மூடுவதற்குள் சேலையைப் பார்த்துவிட்டார். அவரே கடையேறி எடுத்துக் கொடுத்த மாம்பழக் கலர்ப் பட்டு. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. மனுஷனுக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது.

“எதுக்கு எம் மக கலர மாத்துனாக? எம் மகளுக்கு என்ன கொறச்...”

அங்கேயே நின்றுவிட்டது. மிச்சச் சொல்லை விழுங்கிக்கொண்டு பிளெக்ஸை அண்ணாந்து பார்த்தார்.

அந்த அம்மா கௌசி மூலமாகச் சொன்னது இது. கறுத்த பெண்ணைக் கொண்டுவருகிறாளே என்று அவர்கள் ஊரிலும் பேசினார்கள். அவருடைய தம்பிதான் பேனர் அடிக்கிறவனிடம் வெள்ளையாக்கச் சொன்னார். “நான் பார்த்தேன், தடுக்கவில்லை. எனக்கும் ஊரை நினைத்துப் பயமாக இருந்தது.” அன்றைக்குக் கர்மா சண்டை போட்டுக் கழற்ற வைத்தாராம். கௌசி இதை எங்கள் யாரிடமும் சொன்னதே இல்லை. அப்பாவுக்குத் தெரிந்தால் சம்பந்தம் முறிந்துவிடும் என்று பயந்தாளாம். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அங்கே ஒரு வாய், இங்கே ஒரு வாய், நடுவில் இந்த இரண்டு பிள்ளைகளும் மாட்டிக்கொண்டு முழித்திருக்கிறார்கள்.

கர்மா கௌசியிடம் ‘கொறச்’ என்றால் என்ன என்று கேட்டார். அவள் சொன்னாள். அவர் வேனிலிருந்து இறங்கி அண்ணனுக்கு முன்னால் வந்தார்.

“கௌசிக்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல, மாமா.”

அண்ணன் துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

“ஒங்களுக்குந்தான் என்ன கொறச்சல், மாப்ள” என்றார்.

அந்த அம்மாவுக்கு யாரும் மொழிபெயர்க்கவில்லை. முதலில் சிரித்தது அவர்தான். சிரித்ததும் கண் இரண்டும் கோடாகிவிட்டன. மகனின் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரிந்தது. கௌசியின் கையை மறுபடி எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

சொல்லச் சொல்லக் கேட்காமல் அண்ணனே வேன் மேல் ஏறி பிளெக்ஸின் கயிறுகளை அறுத்தார். விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டு நாளைக்குக் கட்டிலில் படுத்தபடி வரவேற்கப் போகிறாயா என்று நான் கீழே நின்று கத்திக்கொண்டிருந்தேன்.

மேடையில்

சிவகாசியில் வேறு எது கிடைக்க நேரமானாலும் பிளெக்ஸ் கிடைக்க நேரமாகாது. நானே போய் உட்கார்ந்து செய்தேன். கர்மாவின் கண்ணைத் தொடவில்லை. கௌசியின் கலரையும் தொடவில்லை. பழகின கை, கொஞ்சம் பரபரக்கத்தான் செய்தது. அடக்கிக்கொண்டேன். பொழுது சாய்வதற்குள் முக்கில் கட்டியாகிவிட்டது.

ஊர் சிரித்ததா என்று கேட்டால், சிரித்தது. சைனாவுக்கு சைனாவிலேயே மாப்பிள்ளை அமைந்துவிட்டது என்று பந்தியில் இரண்டு பேர் சொன்னது என் காதிலேயே விழுந்தது. அடுத்து உட்கார்ந்திருந்தவர் அப்பளம் கேட்டார், பேச்சு அப்பளத்துக்குப் போய்விட்டது. இதற்கா இந்த மனுஷன் இத்தனை நாள் செத்துச் செத்துப் பிழைத்தார் என்று எனக்கு ஆத்திரமாகவும் வந்தது, சிரிப்பாகவும் வந்தது.

கடைசியில் குடும்பப் படம் எடுக்க எல்லாரும் மேடையேறினோம். சம்பந்தியம்மா நடுவில், மணமக்கள் இரண்டு பக்கமும், அண்ணன் ஓரத்தில், நான் அவருக்குப் பக்கத்தில். போட்டோக்காரர் கேமராவைத் தூக்கினார், இறக்கினார், மறுபடி தூக்கினார். “மாப்ள சார், கண்ணக் கொஞ்சம் பெருசா வச்சுக்கோங்க” என்றார். கர்மா பாவம், புருவத்தை நெற்றிவரைக்கும் ஏற்றிப் பார்த்தார். “இன்னுங் கொஞ்சம் சார்.” கௌசியின் முகம் சுண்டிப்போனது.

அண்ணன் இருந்த இடத்திலிருந்தே சொன்னார். கோபமில்லை, கம்பெனியில் ஆட்களுக்கு வேலை சொல்கிற அதே குரல்தான்.

“தம்பி, எம் மருமகன் கண்ணு அம்புட்டுத்தான். நீ எடு.”